பிளட் தின்னர்: ரத்தத்தை தண்ணியாக்குற மருந்து இல்ல, உறைய விடாத மருந்து

எங்க பெரியம்மாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுன்னு ஈசிஜி எடுத்தப்போ ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தோட மேல் அறை தாறுமாறா துடிக்கற நோய்னு சொல்லி ஒரு மாத்திரை குடுத்தாங்க, "இது பிளட் தின்னர்மா, நிறுத்தாம சாப்பிடுங்க"ன்னு சொன்னதோட சரி. பெரியம்மாவுக்கு தின்னர்னா தெரிஞ்சது பெயிண்ட்ல ஊத்துற தின்னர்தான். ஏற்கனவே நமக்கு ரத்தம் கம்மிங்கறாங்க, இருக்கறதையும் நீர்க்க வெச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்னு அவங்களா யோசிச்சு நாலே மாசத்துல யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டாங்க. ஒருநாள் காலைல காபி டம்ளர் கையிலேர்ந்து நழுவுச்சு, வாய் கோணிப்போச்சு, இன்னைக்கு வரைக்கும் வலது கை முழுசா வரல. அதனால இந்த பிளட் தின்னர்ங்கற பேர் மேல எனக்கு நிஜமாவே கோவம்.

ஏன்னா அந்த மருந்து ரத்தத்தை நீர்க்க வைக்கறதே இல்ல. சிவப்பணு குறையாது, தண்ணி சேராது, ரத்தம் முன்னாடி எவ்ளோ கெட்டியோ அதே கெட்டிதான். மாறுறது ஒண்ணே ஒண்ணு, ரத்தம் உறைய எடுத்துக்கற நேரம். டாக்டர்ங்க புஸ்தகத்துல இதுக்கு இருக்குற பேர் ஆன்ட்டிகோயாகுலன்ட். கோயாகுலம்னா லத்தீன்ல என்ன தெரியுமா, பாலை திரிய வைக்க ஊத்துற உறை! சீஸ் பண்றதுக்காக கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கறாங்களே, அந்த உறைபொருள். நம்ம வீட்ல ராத்திரி "பாலுக்கு உறை ஊத்தியாச்சா"ன்னு கேக்கறோம்ல, அதே உறைதான். பால் உறையறதையும் ரத்தம் உறையறதையும் அவங்களும் ஒரே சொல்லால சொல்லிருக்காங்க, நாமளும் அப்படித்தான். அதனால உறைவெதிர்ப்பின்னு நம்ம ஆளுங்க ஆக்கின சொல் வெறும் மொழிபெயர்ப்பு மாதிரி இல்லாம மூலச்சொல்லோட உயிரையே பிடிச்சிருக்கு.

உறைங்கற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, தங்குறது. உறைவிடம்னு சொல்றோமே அது. இந்த நோய்ல நடக்கறதும் இந்த ரெண்டும்தான், ரத்தம் தங்குது, தங்கின இடத்துல உறையுது. இதயத்தோட மேல் அறை ஒழுங்கா சுருங்கி விரியாம நிமிஷத்துக்கு 300 தடவைக்கு மேல சும்மா உதறிக்கிட்டே இருக்கும் (ஃபிப்ரிலேஷனுக்கு மேலறை உதறல்னு சொல்றது எனக்கு பிடிக்கும், கேட்டதும் கண்ணுல தெரியுது). இடது மேலறையில காது மடல் மாதிரி ஒரு சின்ன பை தொங்குது, அறை உதறிக்கிட்டு மட்டும் இருந்தா அந்த பைக்குள்ள போன ரத்தம் வெளிய வராம தேங்கிடும். இலங்கைல பாடப்புத்தகத்துல மேலறையை சோணையறைம்பாங்க, சோணைன்னா காது, ஆரிக்கிள்ங்கற லத்தீன் சொல்லும் குட்டி காதுதான். இதய வால்வு கோளாறு இல்லாத ஆளுங்களுக்கு இந்த அறைல உண்டாகுற உறைகட்டி பத்துல ஒம்பது அந்த காதுக்குள்ளதான் உருவாகுது. அங்கிருந்து ஒரு துணுக்கு கழண்டு மூளைக்கு போற குழாயை அடைச்சா அதான் ஸ்ட்ரோக். மேலறை உதறல் இருந்தா ஸ்ட்ரோக் வர வாய்ப்பு சுமார் 5 மடங்கு கூடுதல்னு அமெரிக்காவுல ஃப்ராமிங்ஹாம் ஊர் ஜனங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்து 1991ல எழுதினாங்க.

ஸ்ட்ரோக்கை நாம பக்கவாதம்ங்கறோம், யாழ்ப்பாணத்துல பாரிசவாதம், ரெண்டுக்கும் ஒரு பக்கம் விழுந்துபோறதுன்னுதான் பொருள். கை கால் விழுந்தப்புறம் வெளிய தெரியறதுக்கு வெச்ச பேர் அது, அடைப்பு மூளைல, உறைஞ்சது நெஞ்சுலங்கறது அந்த பேர்ல இல்ல. அதனாலதானோ என்னவோ "கை கால் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்திரை"ன்னு நிறைய பேருக்கு தோணுது.

சரி, இந்த மருந்து எங்கேர்ந்து வந்துச்சுன்னா மாட்டுக்கொட்டாய்லேர்ந்து. 1920கள்ல கனடாவுலயும் அமெரிக்காவோட வட மாநிலங்கள்லயும் பூஞ்சை பிடிச்ச ஸ்வீட் க்ளோவர்ங்கற தீவனச்செடி வைக்கோல் தின்ன மாடுங்க கொம்பு வெட்டினாக்கூட ரத்தம் நிக்காம செத்துச்சு. 1933ல விஸ்கான்சின்ல ஒரு விவசாயி கொட்டுற பனில செத்த கிடாரியையும் அந்த வைக்கோலையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டில ஏத்திக்கிட்டு வந்து கார்ல் லிங்க்ங்கற வேதியியல் பேராசிரியர் ஆய்வுக்கூடத்துல இறக்கினார். பால் கேன்ல உறையாத ரத்தம், இதை படிச்சப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு. அந்த வைக்கோல்ல இருந்த பொருளை லிங்க் குழு பிரிச்செடுத்து, அதுலேர்ந்து பின்னாடி வார்ஃபரின் வந்துச்சு. அந்த ஆராய்ச்சிக்கு பணம் குடுத்த விஸ்கான்சின் அலுமினை ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்த நாலு சொல்லோட முதலெழுத்தும் கூமரின்ங்கற பொருளோட வாலும் சேந்துதான் அந்த பேர். 1948ல எலி மருந்தா வந்து 1954ல மனுஷனுக்கு அனுமதி ஆச்சு. எலி மருந்தான்னு பயப்பட வேணாம், அளவுதான் வித்தியாசம், அந்த அளவு சரியான்னு பாக்கத்தான் ஐஎன்ஆர்னு ரத்தம் உறையற நேரத்தை பாக்குற டெஸ்ட், மாத்திரை சாப்பிடாதவங்களுக்கு 1 கிட்ட இருக்கும், இந்த நோய்க்கு சாப்பிடறவங்களுக்கு 2லேர்ந்து 3க்குள்ள வெச்சிருப்பாங்க.

வார்ஃபரினும் நம்மூர்ல நிறைய குடுக்குற அசிட்ரோம் மாத்திரையும் வைட்டமின் கே வேலையை தடுக்குது, அந்த கே-யே ஜெர்மன்ல கோயாகுலேஷனுக்கு எழுதுற கே எழுத்துதான், மறுபடி உறை! கீரைல வைட்டமின் கே நிறைய, அதான் கீரை விஷயம் பேசறாங்க. கீரையை ஒதுக்க சொல்லல, ஒரு வாரம் தினம் முருங்கைக்கீரை அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னு ஏத்தி இறக்காதீங்கன்னு அர்த்தம். 2010லேர்ந்து இந்த நோய்க்கு வந்த டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் இதுக்கெல்லாம் கீரை கவலையும் இல்ல ஐஎன்ஆரும் வேணாம், ஆனா ஒரு நாள் விட்டாலே வேலை போயிடும். மெட்டல் வால்வு வெச்சவங்களுக்கும், வாதக்காய்ச்சல்ல மைட்ரல் வால்வு நல்லா சுருங்கினவங்களுக்கும் இன்னும் பழைய மாத்திரைதான்.

இந்த பேர் பண்ற இன்னொரு கெடுதல், ஆஸ்பிரினையும் பிளட் தின்னர்னே சொல்லிடறாங்க. ஆஸ்பிரின் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்டிக்கறதைத்தான் தடுக்கும், அது தட்டணு எதிர்ப்பி. மேலறை உதறல்ல வர ஸ்ட்ரோக்கை வார்ஃபரின் சுமார் மூணுல ரெண்டு பங்கு குறைக்குது, ஆஸ்பிரின் அஞ்சுல ஒரு பங்குகூட தேறுமான்னு சந்தேகம். ரெண்டும் தின்னர்தானேன்னு ஒண்ணை விட்டுட்டு ஒண்ணு சாப்பிட்டா என்ன ஆகும் பாருங்க. உறைவெதிர்ப்பி ஏற்கனவே இருக்குற கட்டியை கரைக்கவும் செய்யாது, அது வேற மருந்து, உறைகரைப்பி. உறைகட்டியை ரத்தக்கட்டுன்னும் சொல்ல வேணாம், நம்மூர்ல அது அடிபட்டு கன்னிப்போறதுக்கு ஆன சொல்.

ரத்தக்கசிவு ஆபத்து உண்டு, மறைக்க முடியாது. கறுப்பா வெளிக்கு போனா, தலைல அடிபட்டா உடனே ஆஸ்பத்திரி. பல் புடுங்கப் போறப்போ சொல்லிடணும், நாமளா நிறுத்தக்கூடாது.

உறைவெதிர்ப்பி எழுதறதுக்கு நல்ல சொல், ஆனா பெரியம்மாகிட்ட பேச அது ஆகாது. இப்போ அவங்க மாத்திரை டப்பால "ரத்தம் உறையாம இருக்க, காலைல 1 ராத்திரி 1"ன்னு பெரிய எழுத்துல ஒட்டியிருக்கேன். பாத்துட்டு, "ஓஹோ, மோர் ஊத்தாமலே உறைஞ்சுக்குதா என் ரத்தம்"னாங்க, அன்னைலேர்ந்து ஒரு வேளைகூட விடல.