மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால்

விபத்தில் அடிபட்டு மண்ணீரல் கிழிந்து, ரத்தப்போக்கு நிற்காவிட்டால் அதை எடுத்துவிடுகிறார்கள். சில வாரங்களில் காயம் ஆறுகிறது, ஆள் வேலைக்குத் திரும்புகிறார். பசி, செரிமானம், தூக்கம் எதிலும் மாற்றம் தெரிவதில்லை. அதனால்தான், தேவையில்லாத ஓர் உறுப்பு போய்விட்டது என்ற நினைப்பு அவருக்குள் எளிதாக ஊறிவிடுகிறது. மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். மண்ணீரல் நீக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கடும் கிருமித்தொற்று வருவதை 1952-இல் கிங், ஷூமேக்கர் என்ற இருவர் எழுதிய பிறகே அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

இடது விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் சுமார் 150 கிராம்தான். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் அதற்குள் போகிறது. நிமிடத்துக்குக் கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே போன ரத்தத்தில் ஒரு பகுதி குழாயை விட்டு வெளியேறி, பஞ்சு போன்ற திசுவுக்குள் மெதுவாகக் கசிகிறது. திரும்ப ரத்தக்குழாய்க்குள் நுழைய, 7, 8 மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு ஒரு மைக்ரான் அளவே உள்ள இடுக்கு வழியாக நெளிந்து போகவேண்டும். விறைத்துப்போன கிழட்டு அணுக்கள் அங்கே மாட்டிக்கொள்கின்றன. நல்ல அணுவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் உட்கருத் துணுக்கும் அங்கேதான் கிள்ளி எடுக்கப்படுகிறது. மண்ணீரல் இல்லாதவரின் ரத்தத்துளியைச் சாயமேற்றிப் பார்த்தால் சில சிவப்பணுக்களில் கரும்புள்ளி ஒன்று தெரியும். ஹாவல்-ஜாலி உருண்டை என்று பெயர். வடிகட்டி இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கிருமிகளுக்கும் இதே இடம்தான் பொறி. நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோபிலஸ் பி வகை ஆகிய மூன்றும் சர்க்கரைச் சங்கிலிகளாலான வழுவழுப்பான உறையைப் போர்த்தியிருக்கின்றன. விழுங்கும் அணுக்களுக்குப் பிடி கிடைப்பதில்லை. எதிர்ப்பொருளும், காம்ப்ளிமென்ட் என்ற ரத்தத்தின் தற்காப்புப் புரதமும் உறைமேல் போய் ஒட்டினால்தான் பிடி கிடைக்கும். நன்றாக ஒட்டியிருந்தால் கல்லீரலே அந்தக் கிருமியைப் பிடித்துவிடும். அரைகுறையாக ஒட்டியதைப் பிடிக்க மண்ணீரலின் மெதுவான ஓட்டம் வேண்டும். போதாததற்கு, இந்தச் சர்க்கரை உறையைக் கண்டதும் சட்டென ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் சுரக்கும் பி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் மண்ணீரலின் ஓர விளிம்பைத்தான் நம்பியிருக்கின்றன. ஆக, வடிகட்டியும் போகிறது, எதிர்ப்பொருள் பட்டறையும் போகிறது.

நிமோகாக்கஸ் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாகக் கணக்குப் போடுங்கள். தடுப்பார் இல்லாவிட்டால் ஒன்று பத்து மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். பல நோயாளிகளில் சாதாரண ரத்தப்பூச்சிலேயே கிருமி கண்ணில் படுவதற்கு இதுதான் காரணம். மாலையில் குளிர், உடம்புவலி, வாந்தி. பார்க்க ஃப்ளூ போலவே இருக்கும். மறுநாள் ரத்த அழுத்தம் விழுந்து, தோலில் ஊதாத் திட்டுகள் வந்து, விரல் நுனிகள் கறுக்கலாம். இந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் பாதிப்பேர் வரை இறந்திருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆபத்து அதிகம். ஆனால் பல பத்தாண்டுகள் கழித்தும் வந்திருக்கிறது. “ஆபரேஷன் ஆகி ரொம்ப நாளாச்சு” என்பது சமாதானம் ஆகாது.

தடுப்பூசியில் தேதிதான் முக்கியம். திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது 14 நாள் முன்பே போட்டுவிட வேண்டும்; அவசர அறுவை என்றால் 14 நாள் கழித்து. பின்னதில்தான் அடிக்கடி கோட்டைவிடுகிறார்கள்: வீட்டுக்கு அனுப்பும்போது ஊசி போட நாள் ஆகியிருக்காது, பிறகு அது யார் பொறுப்பு என்று எவருக்கும் தெரியாது. நிமோகாக்கஸ், ஹீமோபிலஸ் பி, ஆண்டுதோறும் ஃப்ளூ ஆகியவற்றோடு, மெனிங்கோகாக்கஸின் ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கு எட்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஐந்தாண்டுக்கு ஒன்று. மெனிங்கோகாக்கஸின் பி வகைக்குத் தனி ஊசி. எல்லாம் போட்டாலும் கவசம் முழுமையல்ல. நிமோகாக்கஸில் ஏறக்குறைய நூறு உறை வகைகள் உண்டு. ஊசியில் இருப்பவை சிலவே.

நாய்க்கடியும் இவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. நாயின் வாயில் சாதுவாக வாழும் கேப்னோசைட்டோஃபேகா என்ற கிருமி ரத்தத்தில் புகுந்து ஆளைச் சாய்த்துவிடும். காயம் சிறிதென்றாலும் அன்றே அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கவேண்டும். மலேரியாவும் இவர்களிடம் கடுமையாகத் தாக்கக்கூடும்.

அதே அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் மாத்திரையை (875/125 மில்லிகிராம்) மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கையில் வைத்திருப்பது நல்லது. பென்சிலின் ஒவ்வாதவருக்கு வேறு மருந்து எழுதுவார்கள். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், அல்லது காய்ச்சலே இல்லாமல் உடம்பு தூக்கிப்போடும் குளிர் நடுக்கம் வந்தால் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பவேண்டும். மாத்திரை வழிப்பயணத்துக்கு மட்டும், சிகிச்சைக்குப் பதிலல்ல. பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுப்பதுதான் பெரிய தவறு: காய்ச்சல் இறங்கும், கிருமி பெருகிக்கொண்டேயிருக்கும்.

அவசரப் பிரிவில் பெயர், வயதுக்கு முன்பே “எனக்கு மண்ணீரல் இல்லை” என்று சொல்லவேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சருக்கு மாதிரி எடுத்த கையோடு செஃப்ட்ரியாக்ஸோன் 2 கிராம், கூடவே வான்கோமைசின் என இரண்டு ஆன்டிபயாடிக்கும் நரம்பில் ஏறவேண்டும். மாதிரி எடுக்கத் தாமதமானால் மருந்து முதலில். ஸ்கேன் பிறகு.