எது எதற்கு வழி விடுகிறது?

உங்களுக்கு வாழ்க்கையில் எது முக்கியம் என்று யாரைக் கேட்டாலும் குடும்பம், நேர்மை, ஆரோக்கியம், நிம்மதி என்றுதான் பதில் வரும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒருவர் அடுத்த வாரம் எப்படி நடந்துகொள்வார் என்று கணிக்க முடியாது. பட்டியல் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், வாழ்வது மட்டும் ஆளுக்கொரு விதம். விழுமியங்களை, அதாவது வாழ்க்கையில் நாம் முக்கியமாக மதிப்பவற்றை, ஆராயும் உளவியலாளர்கள் முதலில் முட்டிக்கொண்டது இந்தச் சிக்கலில்தான்.

அமெரிக்க உளவியலாளர் மில்டன் ரோக்கீச் 1960களில் கேள்வியையே மாற்றினார். சுதந்திரம், சமத்துவம், குடும்பப் பாதுகாப்பு, சுயமரியாதை, வசதியான வாழ்க்கை என்று 18 விழுமியங்களைத் தனித்தனிச் சீட்டுகளில் கொடுத்து, 1 முதல் 18 வரை வரிசையாக ஒட்டச் சொன்னார். ஒன்றை மேலே ஏற்றினால் இன்னொன்று கீழே இறங்கியே ஆகவேண்டும். எல்லாமே முக்கியம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதைச் செய்தபோது சுதந்திரம் முதல் இடத்திலும் சமத்துவம் 11ஆம் இடத்திலும் வந்தன. இந்த முடிவை அவர் வேறு மாணவர்களிடம் காட்டினார். அடுத்தவர் சுதந்திரத்தைவிடத் தங்கள் சுதந்திரத்தின்மேல்தான் இவர்களுக்கு அக்கறை அதிகம் போலிருக்கிறது என்று ஒரு வரி விளக்கம் சொல்லி, அவரவர் வரிசையை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவ்வளவுதான். சில மாதங்கள் கழித்து அதே மாணவர்களுக்கு, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் சேர அழைக்கும் கடிதம் தபாலில் போனது. ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்காத மாணவர்களைவிட, கிடைத்தவர்களே அதிகம் பேர் பதில் போட்டார்கள், உறுப்பினராகவும் சேர்ந்தார்கள். 1971இல் வெளியான இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். மாதக்கணக்கில் யாரும் பாடம் நடத்தவில்லை. தாங்கள் எதற்குக் கீழே எதை வைத்திருக்கிறோம் என்று அவர்கள் ஒருமுறை கண்ணால் பார்த்தார்கள். அதற்கே இவ்வளவு பலன்.

ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992இல் அடுத்த அடியை எடுத்து வைத்தார். 20 நாடுகளின் தரவுகளைப் பார்த்து, மனிதர்களின் விழுமியங்களைப் பத்து வகையாகப் பிரித்தார்: சுயமாக முடிவெடுப்பது, புதுமை, இன்பம், சாதனை, அதிகாரம், பாதுகாப்பு, ஊரோடு ஒத்துப்போவது, மரபு, நெருங்கியவர்களின் நலம், எல்லோருடைய நலம். இந்தப் பத்தும் ஒரு வட்டமாக அமைகின்றன. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று துணை, எதிரெதிரே இருப்பவை நம்மை எதிர்த்திசைகளில் இழுப்பவை. சாதனையைத் தேடி எடுக்கும் முயற்சி பெரும்பாலும் அதிகாரத்துக்கும் உதவும். அதே முயற்சி எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நெருங்கியவர்களின் நலத்தோடு உரசும். பதவி உயர்வுடன் வேறு ஊருக்கு மாற்றல் வருகிறது, வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இரண்டும் நல்லவைதான். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆள் முழுதாகச் செய்ய முடியாது. வட்டத்தில் அவை எதிரெதிரே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இதை அளக்கும் முறையையும் கொஞ்சம் பார்க்கலாம். ஷ்வார்ட்ஸின் ஒரு கேள்வித்தாளில் விழுமியம் என்ற பேச்சே இருக்காது. முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி ஓரிரு வரிகள் இருக்கும், அவர் எந்த அளவுக்கு உங்களைப் போன்றவர் என்று ஆறு படிகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். இதன் 21 கேள்விகள் கொண்ட வடிவத்தை ஐரோப்பிய சமூகக் கணக்கெடுப்பு 2002 முதல் பயன்படுத்துகிறது. நுட்பம் கணக்கில் இருக்கிறது. ஒருவர் எதைக் கேட்டாலும் தாராளமாக மதிப்பெண் போடுகிறார், அவருடைய சராசரி 5.2, பாதுகாப்புக்குக் கொடுத்தது 5. இன்னொருவர் கைச்சிக்கனம், சராசரி 3.5, பாதுகாப்புக்குக் கொடுத்தது 4. சராசரியைக் கழித்துப் பார்த்தால் முதலாமவருக்குப் பாதுகாப்பு கழித்தல் 0.2, இரண்டாமவருக்குக் கூட்டல் 0.5. ஆக, 4 போட்டவருக்குத்தான் பாதுகாப்பு உண்மையில் பெரிய விஷயம்.

சரி, வரிசை தெரிந்துவிட்டது. அதன்படி நடந்துவிடுவோமா?

1973இல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய விவிலியக் கதை. போகிற வழியில் ஒருவர் வாசலோரம் சரிந்து கிடப்பார், இருமுவார், முனகுவார். அவர் சோதனைக்காக நடித்தவர். கிளம்பும் முன் சிலரிடம் நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்றார்கள், சிலரிடம் இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள். அவகாசம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம். எந்தத் தலைப்பில் பேசப்போகிறோம் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப்போன சிலர் கிடந்தவரைத் தாண்டிக்கொண்டே போனார்கள்.

இவர்களைப் போலி என்று ஒதுக்குவது தவறு என்றே நினைக்கிறேன். அவர்களுக்காக ஒருவர் காத்திருந்தார், அவரிடம் கொடுத்த வாக்கும் ஒரு விழுமியம்தான். நேரம் குறைந்ததும் எது எதற்கு வழி விடும் என்று அவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கவில்லை. நாமும் தினமும் இப்படித்தான் ஓடுகிறோம்.

அதனால் உங்கள் விழுமியங்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், உரசல்களில் தேடுங்கள். கடந்த மாதம் இரண்டு நல்ல காரியங்களில் ஒன்றை விட்டுக்கொடுத்த இடங்கள் எவை, விட்ட பிறகு மனசு எங்கே உறுத்தியது என்று எழுதிப் பாருங்கள். எல்லோரும் செய்வதால் நாமும் செய்கிற காரியங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அனாத் பார்டியும் ஷ்வார்ட்ஸும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மரபும் புதுமையும் போன்றவற்றில் விழுமியமும் செயலும் நன்றாகவே ஒத்துப்போயின. நெருங்கியவர்களின் நலம், ஒத்துப்போவது போன்றவற்றில் அந்தத் தொடர்பு பலவீனம். உறவுக்காரர் கல்யாணத்துக்கு மனசில்லாதவரும்தானே போகிறார்? ஊர் கட்டாயப்படுத்தாத இடத்தில் நீங்கள் செய்வதுதான் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

அடுத்து, கெல்லி வில்சனும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய ஒரு எளிய கேள்வித்தாள் இருக்கிறது. மண வாழ்க்கை, பிள்ளை வளர்ப்பு, நட்பு, வேலை, உடல்நலம் என்று பத்துத் துறைகள். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று 10க்கு ஒரு மதிப்பெண், போன வாரம் அதன்படி எவ்வளவு நடந்தோம் என்று 10க்கு இன்னொன்று. இரண்டையும் பெருக்க வேண்டும். பிள்ளை வளர்ப்புக்கு 10, போன வாரத்துக்கு 3 என்றால் 30. வேலைக்கு 7, போன வாரத்துக்கு 9 என்றால் 63. அதிக முக்கியம் என்று சொன்னது நடப்பில் பின்தங்கியிருப்பது இங்கே தெரிந்துவிடும். போன வாரம் என்று கேட்பதில்தான் இதன் பலமே இருக்கிறது. பொதுவாக எப்படி என்று கேட்டால் நாம் நல்ல நாட்களை மட்டும் நினைத்துக்கொள்வோம்.

அந்த 3ஐ ஏற்ற, இனிமேல் பிள்ளைகளோடு அதிக நேரம் இருப்பேன் என்று நினைத்தால் மட்டும் போதாது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டிய வழி, இன்ன நேரம் இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன் என்று எழுதி வைப்பது. அந்தச் சூழல் வந்ததும் மறுபடி யோசித்து முடிவெடுக்கும் சுமை இல்லை, சூழலே செயலை இழுத்து வந்துவிடும். இது பற்றிய 94 சோதனைகளின் முடிவுகளை அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் தொகுத்தபோது, நடுத்தரத்துக்கும் மேலான பலன் தெரிந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் போனை அலமாரியில் வைத்துவிட்டு அரைமணி நேரம் மகளோடு உட்காருவேன் என்று எழுதலாம். அந்த அரைமணியில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வேன் என்பதையும் அடுத்த வரியில் எழுதிவிட வேண்டும். மேலாளரிடம் அதை முன்பே சொல்லியும் வைக்க வேண்டியிருக்கும்.