டேப்பிஸ்ட்ரி: தமிழில் என்ன சொல்லலாம்?

நிற நூல்களால் படம் வரும்படி நெய்து சுவரில் தொங்கவிடும் கனமான துணியை ஆங்கிலத்தில் டேப்பிஸ்ட்ரி என்பார்கள். அதைத் தமிழில் பெரும்பாலும் 'திரைச்சீலை' என்றே எழுதிவிடுகிறோம். வாசல்படியில் தொங்குவதும் திரைச்சீலைதான். கன்னியாகுமரி மாவட்டத்து வடசேரி, இரணியல் பக்கம் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை.

சொல்லின் வேரைப் பார்த்தால், பிரெஞ்சில் 'தாப்பி' என்பது கம்பளம். அதற்கு முன்னே லத்தீனில் 'தபேட்டும்', கிரேக்கத்தில் 'தபேஸ்'. மறைக்கிற துணி என்ற பொருள் எங்கும் இல்லை. கனமான விரிப்பு என்பதே அடிப்படை. ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லைத் தாராளமாகப் புழங்கிவிட்டார்கள். 11ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பேயோ டேப்பிஸ்ட்ரி, ஏறத்தாழ 70 மீட்டர் நீள லினன் துணியில் ஊசியால் போட்ட பூவேலை. அதில் படம் தறியில் பிறக்கவில்லை.

தறியில் பிறப்பதுதான் உண்மையான டேப்பிஸ்ட்ரி. நம் ஊர்த் துவர்த்து (துண்டு) நெய்யும்போது ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடித் திரும்பும். டேப்பிஸ்ட்ரியில் ஒவ்வொரு நிற ஊடையும் தன் நிறம் முடிகிற இடத்திலேயே திரும்பிவிடும். ஒரு வரிசையில் இருபது இடத்தில் நிறம் மாறினால் அத்தனை நூற்குச்சிகள் பாவில், அதாவது தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டிய நூல்களில், தொங்கும். ஊடையை நெருக்கி அடிப்பதால் பாவு முழுக்க உள்ளே மறைந்துபோகும். இரண்டு நிறங்கள் நெடுக்குவாக்கில் சந்திக்கும் இடத்தில் சின்னப் பிளவு விழும். அதைப் பிறகு தைத்து மூடுவார்கள். இல்லையென்றால் காஞ்சிபுரம் பட்டுச்சேலையில் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை மாதிரி நூலோடு நூலைக் கோத்துக்கொண்டே போவார்கள்.

பிக்காசோ 1937இல் வரைந்த 'கெர்னிக்கா'வை 1955இல் ஜாக்லின் துர்பாக் என்ற பிரெஞ்சு நெசவுக் கலைஞர் இப்படி நெய்தார். நெய்யச் சொன்னவர் அமெரிக்க அரசியல்வாதி நெல்சன் ராக்ஃபெல்லர். 1985இல் அது ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வெளியே தொங்கவிடப்பட்டது. மூல ஓவியம் கறுப்பு, வெள்ளை, சாம்பல். நெசவிலோ பழுப்புச் சாயல்கள். தூரிகை ஒரே இழுப்பில் முடிக்கும் வளைவை நூல் படிப்படியாக ஏறித்தான் கடக்க வேண்டும். எந்த நிறம், எந்த இழையில் திரும்புவது என்று ஒவ்வொரு அங்குலத்திலும் முடிவெடுத்த கையை வெறும் நகல் எடுத்த கை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதன் படத்தைப் பெரிதாக்கி இரணியலில் வயதான தறிக்காரர் ஒருவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பாவே காணலியே மக்கா! ஊடைய வச்சே படத்த எழுதியிருக்கான்" என்றார். நான் தேடிய பொருத்தமான சொல் அந்தப் பேச்சிலேயே இருந்தது: ஊடையோவியம். திரைச்சீலைக்கு 'எழினி' என்று சிலப்பதிகாரக் காலத்துப் பெயரே உண்டு. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்றும் அரங்கின் திரைகள். அந்த இடத்தை அவற்றுக்கே விட்டுவிடலாம்.

'கெர்னிக்கா' போன்ற படைப்புகளை 'அவான்-கார்த்' கலை என்பார்கள். பிரெஞ்சில் அது படைச்சொல். முன்னால் செல்லும் படை. தமிழில் அதற்குத் தூசிப்படை என்று பெயர், தார் என்றும் சொல்வதுண்டு. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்ற குறளில் (767) வருவது அந்தத் தார்தான். நெசவாளர் வீட்டிலோ தார் என்றால் ஊடை நூல் சுற்றிய குச்சி. வேர் வேறாகவே இருக்கட்டும், முன்னணிக் கலையும் தறியும் ஒரே ஒலியில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பெரிய சந்தோஷம். இருந்தாலும், இன்றைய வாசகருக்கு 'முன்னணிக் கலை' என்பதே சட்டென்று விளங்கும்.

கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே டேப்பிஸ்ட்ரியை நாடோடிச் சுவரோவியம் என்ற பொருளில் அழைத்தார். பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியத்தைப் பெயர்த்து எடுத்துப்போக முடியாது. இதையோ சுருட்டித் தோளில் வைத்துக்கொள்ளலாம். அழகான பெயர்தான், ஆனால் நெய்த கை அதில் தெரியவில்லை. அதனால் ஊடையோவியம் என்றே எழுதுவேன். நெய்பவர் ஊடையோவியர். பாவு நெட்டுக்குத்தாக நிற்கும் தறி நிமிர்தறி, படுக்கையாக இருப்பது கிடைத்தறி. பாவுக்குப் பின்னாலோ அடியிலோ வைத்துப் பார்த்து நெய்யும் முழு அளவுப் படத்தை ஆங்கிலத்தில் 'கார்ட்டூன்' என்பார்கள். அதைக் கேலிச்சித்திரம் என்று மொழிபெயர்த்துவிடாமல் 'மாதிரிப்படம்' என்று எழுதினால் போதும்.