ஐந்து பைட்டுகளுக்குப் பின்னால் ஒரு வரி: மூல நிரல் திறந்திருந்தால் என்ன மாறுகிறது?

பொதியின் எடை 500 கிராமைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் சேர்க்க வேண்டும் என்று ஒரு நிரலர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவர் எழுதும் வரியில் ‘எடை’ என்ற பெயர் இருக்கும். 500 என்ற எண் இருக்கும். இந்த வரம்பு எப்போது, ஏன் வைக்கப்பட்டது என்று சக நிரலருக்காக ஓரத்தில் ஒரு குறிப்பும் இருக்கலாம். கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி இந்த வரியைக் கணினியின் புராசஸருக்குப் புரியும் கட்டளையாக மாற்றும்போது, இன்டெல் வகைப் புராசஸர்களில் அந்த ஒப்பீடு வெறும் ஐந்து பைட்டுகளாகச் சுருங்கிவிடக்கூடும்: 3டி, எஃப்4, 01, 00, 00. முதல் பைட்டு ‘ஒப்பிடு’ என்கிறது. மற்ற நான்கையும் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்தால், பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண்முறையில் எழுதிய 500 கிடைக்கும். ‘எடை’ என்ற பெயர் போய்விட்டது, ஓரத்துக் குறிப்பும் போய்விட்டது. அந்த 500 கிராமா, விநாடியா, ஆட்களின் எண்ணிக்கையா என்பதைச் சொல்ல இனி அங்கே எதுவும் இல்லை.

நாம் எழுதிய வரிக்கு மூல நிரல் என்றும், அந்த ஐந்து பைட்டுகளுக்கு இயந்திர நிரல் என்றும் பெயர். முன்னதிலிருந்து பின்னதை உண்டாக்குவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. பின்னதிலிருந்து முன்னதைத் திரும்பப் பெறுவதோ, கருவிகளின் துணை இருந்தாலும், பல நாள் உழைப்பைக் கேட்கும் ஊகவேலை. கணினி மென்பொருள் உலகின் பெரிய வழக்கு முழுவதும் இந்த ஒருவழிப் பாதையில்தான் நிற்கிறது: மூல நிரலையும் சேர்த்துக் கொடுப்பதா, இயந்திர நிரலை மட்டும் கொடுப்பதா?

இதை ‘இலவசமா, காசு கொடுப்பதா’ என்ற கேள்வியாகப் பேசுவது பரவலான பழக்கம். எனக்கு அது எப்போதும் எரிச்சலூட்டுவது. மூல நிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் விடும் திறந்த மூல மென்பொருளையே தொழிலின் அடித்தளமாகக் கொண்டிருந்த ரெட் ஹாட் நிறுவனத்தை ஐபிஎம் 2019இல் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. மறுபுறம், ஒரு காசும் கேட்காமல் கிடைக்கும் எத்தனையோ மென்பொருள்களின் மூல நிரலை நாம் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. வணிகத்துக்கு எதிரணியில் நிற்பது திறந்த மூலம் என்று நினைத்தால் கணக்கு முதல் வரியிலேயே பிசகிவிடும். பல ஆண்டுகளாகத் திறந்த மூல மென்பொருளில் ஊறியவன் என்ற முறையில் எனக்குச் சார்பு உண்டு. வாசகர் அதைக் கழித்துக்கொண்டே படிக்கலாம்.

தொடக்கத்தில் இந்தப் பிரிவினையே இருக்கவில்லை. கணினி என்பது கோடிக்கணக்கில் விலைபோகும் இரும்புப் பெட்டியாக இருந்த காலத்தில், மென்பொருள் அதனோடு கூடவே வந்தது. மூல நிரலும் பெரும்பாலும் வாடிக்கையாளரின் கைக்குக் கிடைத்தது. 1969இல் ஐபிஎம் தன் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. 1980இல் அமெரிக்கா தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, கணினி நிரலும் அதன் காப்புக்குள் அடங்கும் என்பதைத் தெளிவாக்கியது. ஏறத்தாழ அதே காலத்தில், எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், ஸெராக்ஸ் நிறுவனம் தந்த புதிய லேசர் அச்சுப்பொறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழைய அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால் காத்திருப்போரின் திரையில் தகவல் தெரியும்படி அவர் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதற்கு மூல நிரல் தரப்படவில்லை; ஆகவே, தீர்வு தெரிந்திருந்தும் அதைச் செய்ய வழியில்லை. யாரும் தடையின்றி மாற்றிக்கொள்ளக்கூடிய இயங்குதளம் ஒன்றைக் கட்ட 1983இல் அவர் தொடங்கிய குனூ திட்டமும், அதன் நிரல்களுக்காக 1989இல் வெளிவந்த ஜிபிஎல் உரிமமும் அந்த மனக்குறையின் நீட்சி என்று சொல்வதில் தவறில்லை.

ஜிபிஎல் வேலை செய்யும் விதம் ஒரு சட்ட நுட்பம். பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவரின் அனுமதி இல்லாமல் யாரும் நிரலைப் படியெடுக்கவோ மாற்றி வெளியிடவோ கூடாது. ஜிபிஎல் அந்தத் தடையை அகற்றுவதில்லை, அதையே பிடிமானமாக்கிக்கொள்கிறது. ‘படியெடு, மாற்று, விற்கவும் செய், ஆனால் யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு மூல நிரலையும் இதே உரிமைகளோடு கொடு’ என்பது அதன் நிபந்தனை. நிபந்தனையை மீறுகிறவருக்கு அனுமதி இல்லாமற்போய், வழக்கமான பதிப்புரிமை மீறலில் அவர் சிக்கிக்கொள்வார். எம்ஐடி, பிஎஸ்டி போன்ற உரிமங்கள் இத்தனை கறார் அல்ல. ஆக்கியோர் பெயரையும் உரிம அறிவிப்பையும் விட்டுவைத்தால் போதும், மூல நிரலை மூடிக்கொண்டு விற்கலாம். ஆப்பிளின் மேக் இயங்குதளத்துக்குள் பிஎஸ்டி என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த நிரல் கணிசமாக இருப்பது இப்படித்தான். நிரல் எழுத உதவும் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட் இதில் ஒரு விசித்திரம்: அதன் மூல நிரல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, ஆனால் அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து நாம் இறக்கிக்கொள்ளும் ஆயத்த மென்பொருளுக்கு உரிமம் வேறு. ‘இது திறந்த மூலமா?’ என்று கேட்பவருக்கு ஆமென்று சொல்வதா இல்லையென்று சொல்வதா என்று நானே தடுமாறியிருக்கிறேன்.

உரிமம் அனுமதி தருகிறது; வேலை நடப்பது வேறு வழியில். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இன்றும் ஒரு மாற்றம் நுழைய வேண்டுமானால், அது ‘பேட்ச்’ என்ற சிறு உரைக்கோப்பாக வருகிறது. நீக்க வேண்டிய வரிகளின் முன்னால் கழித்தல் குறி, சேர்க்க வேண்டியவற்றின் முன்னால் கூட்டல் குறி, மேலே ஏன் இந்த மாற்றம் என்ற விளக்கம். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் அதைப் படித்துக் கேள்வி கேட்பார், திருப்பி அனுப்புவார், மறுபடி வாங்குவார். இந்தப் போக்குவரத்தைச் சமாளிக்கவே டோர்வால்ட்ஸ் 2005இல், நிரலில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியை எழுதினார். அதுவரை லினக்ஸ் நிரலர்கள் கையாண்டுவந்த மூடிய மூலக் கருவியின் இலவச அனுமதி திரும்பப் பெறப்பட்டதே அதற்கு உடனடிக் காரணம். தன் மூல நிரலைத் திறந்து வைத்திருந்த திட்டம், அதை வைத்துப் பார்க்கும் பெட்டியின் சாவியைப் பிறர் கையில் விட்டிருந்தது.

பலர் பார்ப்பதால் திறந்த மூலத்தில் பிழை தங்காது என்று எங்கள் கூட்டத்தில் அடிக்கடி சொல்லப்படும். நான் அதை நம்புவதை நிறுத்திய நாள் 2014 ஏப்ரல் 7. இணையப் போக்குவரத்தைப் பிறர் படிக்க முடியாதபடி மறையீடு செய்ய, பல மென்பொருள்கள் எடுத்தாளும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற வழு அன்று வெளியே தெரிந்தது. தொடர்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கணினி மற்றொன்றுக்கு ஒரு சிறு செய்தியையும் அதன் நீளத்தையும் அனுப்பி, ‘இதை அப்படியே திருப்பிச் சொல்’ என்று கேட்கும் வசதி அதில் இருந்தது. நான்கு எழுத்துச் செய்தியை அனுப்பிவிட்டு, நீளம் 64,000 என்று பொய் சொன்னால் என்ன ஆகும்? மறுமுனை, வந்த செய்தியின் உண்மையான நீளத்தைச் சரிபார்க்காமல், அந்த நான்கு எழுத்துகளோடு நினைவகத்தில் அதை அடுத்துக் கிடந்ததையும் வாரிக் கொடுத்துவிட்டது. அங்கே பிறருடைய கடவுச்சொற்கள் இருக்கலாம், மறையீட்டுச் சாவிகளும் இருக்கலாம். சொல்லப்பட்ட நீளம் வந்த நீளத்தைவிட அதிகமென்றால் செய்தியைப் புறக்கணி என்ற சிறிய சோதனையே தீர்வாயிற்று. வழு நுழைந்த பதிப்பு 2012 மார்ச்சில் வெளிவந்தது; இரண்டு ஆண்டுகள் அந்த நிரல் உலகமே படிக்கும்படி திறந்து கிடந்தது. உலகின் இணைய வழங்கிகளில் (சர்வர்களில்) பெரும் பங்கு நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு முழுநேரமாக உழைத்தவர் அப்போது ஒரே ஒருவர்தான். கதவு திறந்திருப்பதும், உள்ளே ஆள் இருப்பதும் வேறு வேறு.

இங்கே வணிக நிறுவனங்களின் வலிமையை ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பளம் வாங்குகிறவர், சலிப்பூட்டும் வேலையையும் செய்தாக வேண்டும். பயன்பாட்டு வழிகாட்டி எழுதுவது, நூறு வகை அச்சுப்பொறிகளில் சோதிப்பது, கணினி அறியாத ஒருவர் எந்தப் பொத்தானில் குழம்புகிறார் என்று பக்கத்தில் அமர்ந்து கவனிப்பது ஆகியவற்றைத் தன்னார்வத்தால் மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடர்வது கடினம். திறந்த மூலம் எங்கே வென்றது என்று பார்த்தால் இதன் காரணம் புரியும். உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸில் ஓடுகின்றன; இணைய வழங்கிகள், தரவுத்தளங்கள், நிரல்மொழிகள் ஆகியவற்றிலும் அதுவே முன்னணி. இவற்றைப் பயன்படுத்துகிறவர்களே நிரலர்கள்; உறுத்துகிற இடத்தைத் தாங்களே சரிசெய்துகொள்வார்கள். கணக்கு எழுதும் மென்பொருளையோ கட்டட வரைபட மென்பொருளையோ பயன்படுத்துகிறவருக்கு அந்த வசதி இல்லை, அங்கே மூடிய மூலம் பெரும்பாலும் முந்தி நிற்கிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருள் இதற்கு அருமையான விலக்கு. அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபின், 2002இல் அதன் பயனர்கள் ஏழே வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, மூல நிரலை விலைகொடுத்து விடுவித்தார்கள்.

பிளெண்டருக்கு வாய்த்தது எல்லாவற்றுக்கும் வாய்ப்பதில்லை. நான் ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்கிய குறிப்பேட்டு மென்பொருள் ஒன்று உண்டு. அதைச் செய்த நிறுவனம் கடையைக் கட்டியது. உரிமத்தைச் சரிபார்க்கும் வழங்கியும் நின்றது. புதிய கணினியில் மென்பொருள் திறக்க மறுத்தது. என் குறிப்புகள் என் வட்டிலேயே இருந்தன, ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒரே நிரல் கதவைச் சாத்திக்கொண்டது. திறந்த மூலத்திலும் நிறுவனங்கள் மனம் மாறுவதுண்டு. அப்போது பயனர்கள் அதுவரையுள்ள மூல நிரலை எடுத்துக்கொண்டு தனிக் கிளை காண்பார்கள். அலுவலக மென்பொருளான ஓப்பன்ஆபீஸ், அதை வளர்த்த சன் நிறுவனத்தோடு சேர்ந்து ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதும், அதன் நிரலர்கள் பலர் 2010இல் லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். 2024 மார்ச்சில் ரெடிஸ் தரவுத்தளத்தின் உரிமம் இறுக்கப்பட்டபோது, சில நாட்களிலேயே வால்கி என்ற கிளை முளைத்தது. கிளை பிரிப்பது எளிதல்ல, பலவும் பட்டுப்போகின்றன. ஆனாலும் அப்படிப் பிரிய முடியும் என்பதே பேரம் பேசும் பலத்தைப் பயனர் பக்கம் கொஞ்சம் நகர்த்துகிறது.

அதே மார்ச் மாதத்தின் 29ஆம் நாள் வெளியான செய்தி, இவ்வளவு நேரம் நான் பேசிய அத்தனையையும் சோதித்துப் பார்த்தது. மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான வேக அளவீடு ஒன்றுக்குத் தன் கணினியைத் தயார்செய்துகொண்டிருந்தார். வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்தார். வேறொருவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார். அவர் விடாமல் துருவியதில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற சிறு நிரலகத்துக்குள் கொல்லைப்புற வாசல் ஒன்று ஒளிந்திருப்பது தெரிந்தது. புனைபெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, தனியாளாகத் திணறிக்கொண்டிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பில் பங்கும் பெற்றபின் செய்த வேலை அது.

அதைச் செய்த விதத்தில்தான் பாடம் இருக்கிறது. எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில், அதாவது மூல நிரல் வைக்கப்பட்டிருக்கும் பொது இடத்தில், சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் நச்சு நிரல் உருமறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை எழுப்பிவிடும் வரிகளோ களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று தனியே கட்டித் தந்த தொகுப்பில் மட்டும் இருந்தன. படிக்கப்பட்ட நிரலும் ஓடிய நிரலும் ஒன்றல்ல என்பதே தாக்குதலின் சூட்சுமம். மூடிய மூல மென்பொருளில் ஒரு தனியாள் இந்த முடிச்சை அவிழ்த்திருப்பது மிக அரிது. மூலமும் தொகுப்பும் இரண்டுமே கையில் இருந்ததால், ஃபிராயிண்டால் அவற்றை ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது.

அப்படியானால் மூல நிரல் திறந்திருப்பது மட்டும் போதாது. என் கணினியில் ஓடும் பைட்டுகள் அந்த மூலத்திலிருந்தே பிறந்தவை என்று சரிபார்க்கவும் முடிய வேண்டும். ஒரே மூல நிரலை இருவர் தனித்தனியே இயந்திர நிரலாகக் கட்டினால் இருவருக்கும் பைட்டுக்குப் பைட்டு ஒரே விளைவு வர வேண்டும் என்று லினக்ஸ் சார்ந்த இயங்குதளமான டெபியன் போன்ற திட்டங்கள் உழைப்பது இதற்காகத்தான். கேட்க எளிது. ஆனால் கட்டிய நேரமும், கோப்புறையின் பெயரும், கோப்புகள் படிக்கப்பட்ட வரிசையும் விளைவுக்குள் கசிந்து அதை மாற்றிவிடும். ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து அடைக்க வேண்டும். எக்ஸ்இஸட் விவகாரத்தை இது மட்டும் தடுத்திருக்காது, ஏனெனில் அங்கே மூலத் தொகுப்பே கலப்படமானது. களஞ்சியத்துக்கும் தொகுப்புக்கும் இடைப்பட்ட கண்ணியையும் தனியே சோதிக்க வேண்டும்.

நிரல்பெயர்ப்பியே பொய் சொன்னால் என்ன செய்வது? யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984இல் வெளியான கணினி அறிவியலின் உயரிய பரிசான டூரிங் விருதை ஏற்ற தன் உரையில் இதைத்தான் கேட்டார். பயனரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நுழைவு நிரலைப் பெயர்க்கும்போது கள்ளவழி ஒன்றைச் செருகவும், தன் அடுத்த பதிப்பைப் பெயர்க்கும்போது அதே தந்திரத்தை அதற்குள் மறுபடி செருகவும் கற்ற நிரல்பெயர்ப்பி, மூல நிரலில் எந்தத் தடயமும் விடாது என்று அவர் காட்டினார். நிரல்பெயர்ப்பியைக் கட்ட முந்தைய நிரல்பெயர்ப்பி வேண்டும், அதற்கும் முந்தையது ஒன்று வேண்டும். மூல நிரலிலிருந்தே மென்பொருள்களைக் கட்டித் தரும் குனூ குய்க்ஸ் திட்டத்தினர் இந்தச் சங்கிலியைப் பின்னோக்கி அறுத்துக்கொண்டே போய், 2023இல் அதன் தொடக்கத்தை 357 பைட்டுகளில் நிறுத்தினார்கள். அந்தச் சின்னஞ்சிறு நிரலிலிருந்து சற்றே பெரிய ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று ஏறி, முழு அளவு நிரல்பெயர்ப்பிவரை எல்லாம் மூல நிரலிலிருந்தே கட்டப்படுகின்றன. ஒவ்வொரு பைட்டுக்கும் குறிப்புரை எழுதப்பட்ட அதன் பட்டியலை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, விரல் வைத்து வரிசையாகப் படித்து முடித்தேன்.