நடுவர் விலைபோனாரா? சந்தேகத்தை எங்கே வைத்துச் சோதிப்பது

ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடத்தில் ஒரு வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரே ஃபவுல், மூன்று கோணம், ஸ்லோ மோஷன், சிவப்பு வட்டம். கீழே "நடுவர் காசு வாங்கிட்டார்" என்று வரிசையாகக் கமென்ட். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் பந்தய மோசடி நடந்திருக்கிறது; குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போன நடுவரே இருக்கிறார். ஆனால் நடுவர் டிம் டோனகி, வீரர் ஜோன்டே போர்ட்டர் என்ற இரண்டு பெரிய வழக்குகளில் ஒன்றுகூட டிவியில் தெரிந்த தப்பான விசிலால் வெளியே வரவில்லை. நியூயார்க் மாஃபியா குடும்பம் ஒன்றை எஃப்பிஐ துருவிக்கொண்டிருந்தபோது டோனகி சிக்கினார். போர்ட்டரைக் காட்டிக்கொடுத்தது, பந்தயம் வாங்கும் நிறுவனத்தின் கணக்கில் வந்து விழுந்த பொருத்தமில்லாத ஒரு தொகை.

டோனகி 13 சீசன் என்பிஏ நடுவராக இருந்தவர். 2007 ஜூலையில் ராஜினாமா செய்தார். ஆகஸ்ட் 15 அன்று புரூக்ளின் ஃபெடரல் கோர்ட்டில் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு 15 மாதச் சிறைத்தண்டனை. தான் நடுவராக நிற்கும் ஆட்டங்கள் உட்பட, எந்த அணி மேல் பணம் கட்டலாம் என்று ஒரு நண்பரிடம் போனில் சொல்வதுதான் அவர் செய்த வேலை. பேச்சுவாக்கில் அந்த நண்பரின் ஒரு சகோதரன் பெயர் வந்தால் சொந்த ஊர் அணி, இன்னொரு சகோதரன் பெயர் வந்தால் வெளியூர் அணி. சொன்னது பலித்தால் முதலில் 2,000 டாலர், பிறகு 5,000 டாலர். பலிக்காவிட்டால் ஒன்றும் கிடையாது.

அவர் விற்ற சரக்கு என்ன என்று பாருங்கள். இன்று ராத்திரி எந்த மூன்று நடுவர்கள் நிற்கப்போகிறார்கள், எந்த நடுவருக்கும் எந்த வீரருக்கும் ஆகாது, யாருக்கு முழங்கால் வலி. அப்போதெல்லாம் நடுவர்கள் பெயர் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் வெளியே தெரியும். அதனால் முன்கூட்டியே தெரிந்தவனுக்கு அது காசு. அவர் வேண்டுமென்றே தப்பான விசில் அடித்தார் என்று அரசுத் தரப்பு குற்றம் சாட்டவில்லை. பணம் சம்பந்தப்பட்டதால் அவரையும் அறியாமல் தீர்ப்பு சாய்ந்திருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. லீக், அதாவது என்பிஏ நிர்வாகம், நியமித்த வழக்கறிஞர் லாரன்ஸ் பெடோவிட்ஸின் 2008 அறிக்கையும் அதை மறுக்கவில்லை. 2019-ல் விளையாட்டுச் சேனல் இஎஸ்பிஎன் நடத்திய புலனாய்வு வேறு மாதிரி சொன்னது: பந்தயப் பணம் அதிகம் விழுந்த அணிக்கே அவர் விசில் சாதகமாக இருந்தது என்று. காசு கட்டியிருக்கும் ஆளின் விசில் அந்தப் பக்கம் கொஞ்சமும் சாயாது என்று நம்ப எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் அதை எந்த ஒரு தனி விசிலிலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

ஆட்டத்தைத் திருப்பாமலே எப்படிச் சம்பாதிக்க முடியும் என்பதற்குக் கணக்கு எளிது. அமெரிக்காவில் கூடைப்பந்து பந்தயம் பெரும்பாலும் யார் ஜெயிப்பார் என்பதில் இல்லை. எத்தனை பாயின்ட் வித்தியாசத்தில் என்பதில். அதற்கு ஸ்பிரெட் என்று பெயர். பலமான அணிக்கு 7.5 என்று வைத்தால் அது குறைந்தது 8 பாயின்ட்டில் ஜெயிக்க வேண்டும். 7-ல் ஜெயித்தால் அதன் மேல் கட்டியவருக்குப் பணம் போச்சு. வழக்கமான விலை, 100 டாலர் ஜெயிக்க 110 கட்டுவது. நூறு பந்தயத்தில் சரிபாதி ஜெயித்தால் வரவு 5,000, செலவு 5,500, ஐநூறு நஷ்டம். முதலுக்கு மோசமில்லாமல் தப்பிக்க 52.4 சதவீதம் வேண்டும். 60 சதவீதம் பலித்தால் அதே நூறு பந்தயத்தில் 1,600 டாலர் லாபம். இந்த வித்தியாசத்தைத் தர உள்ளே இருந்து வரும் ஒரு தகவல் போதும். விசிலைத் தொடவே தேவையில்லை.

சரி, ஒரு நடுவர் உண்மையிலேயே விசிலைத் தொட நினைத்தால்? கடைசி நிமிடத்தில், இருபதாயிரம் பேர் முன்னால் அசிங்கமாக ஒரு ஃபவுல் கொடுக்க மாட்டார். என்பிஏ விதிப்படி ஒரு கால்பகுதியில் ஓர் அணியின் வீரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து நான்கு ஃபவுல் செய்துவிட்டால், ஐந்தாவதிலிருந்து சாதாரணத் தற்காப்பு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு, விழுந்தால் ஒரு பாயின்ட்). இதைத்தான் போனஸ் என்கிறோம். பந்து கையில் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அணி சராசரியாக 1.1 பாயின்ட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். லீக் சராசரியான 78 சதவீதத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவின் மதிப்பு 1.56. கைபட்டதற்கெல்லாம் விசில் அடித்து இரண்டு அணிகளையும் சீக்கிரமே போனஸில் தள்ளிவிட்டால், ஒவ்வொரு விசிலும் ஸ்கோரில் சுமார் 0.4 பாயின்ட் கூட்டும், கடிகாரத்தையும் நிறுத்தும். பத்து விசிலுக்கு நான்கு பாயின்ட். இரு அணிகளின் மொத்த ஸ்கோர் 220-ஐத் தாண்டுமா என்று பந்தயம் ஓடும்போது நான்கு பாயின்ட் சின்ன விஷயமில்லை. இரண்டு பக்கமும் ஃபவுல் சமமாக இருப்பதால் எந்த ரசிகனும் கத்தவும் மாட்டான். இரண்டாம் கால்பகுதியில் சலிப்பாக நடந்த இதற்கு யாரும் வீடியோ வெட்டிப் போடப்போவதில்லை.

2002 என்பிஏ மேற்கு மண்டல இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பைத் தாண்ட முடியாது. சாக்ரமென்டோ கிங்ஸ் 3-2 என்று முன்னிலையில் இருந்தது. எதிரணியான லேக்கர்ஸ் அந்த ஆட்டத்தில் 40 ஃப்ரீ த்ரோ எறிந்தது. அதில் 27 நான்காம் கால்பகுதியில் மட்டும். 106-102 என்று ஜெயித்து, ஏழாவது ஆட்டத்தையும் எடுத்தது. கிங்ஸின் உயரமான வீரர்கள் டிவாக்கும் போலார்டும் ஆறு ஃபவுல் ஆகி வெளியேறினார்கள். லேக்கர்ஸின் கோபி பிரயன்ட்டின் முழங்கை கிங்ஸின் மைக் பிப்பியின் முகத்தில் பட்டதற்கு விசில் வரவில்லை. நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் லீக்கின் அப்போதைய ஆணையர் டேவிட் ஸ்டெர்னுக்குக் கடிதமே எழுதினார். 2008-ல் டோனகி தன் வழக்கறிஞர் மூலம், 2002-ன் ஒரு தொடரை ஏழாவது ஆட்டத்துக்கு இழுக்க நடுவர்கள் வேலை செய்தார்கள் என்று குற்றம் சாட்டினார். அவர் அந்த ஆட்டத்தில் நடுவர் இல்லை. லீக் மறுத்தது. யார் மீதும் எதுவும் நிரூபணமாகவில்லை. மோசமான நடுவர் தீர்ப்பு என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம். பேசி வைத்த ஆட்டம் என்று சொல்ல, யாரோ ஒருவருக்கு எங்கிருந்தோ பணமோ கட்டளையோ போனதற்கான தடம் வேண்டும். அது இன்றுவரை இல்லை.

இப்படி ஒரு ஆட்டத்தை நீங்களே அலச வேண்டுமானால் முதலில் மொத்த ஃபவுல் எண்ணிக்கையைத் தூக்கிப்போடுங்கள். பின்தங்கிய அணி கடைசியில் கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே செய்யும் ஃபவுல்களைக் கழியுங்கள். வளையத்துக்கு அடியில் மோதி ஆடும் அணிக்கும் தூரத்திலிருந்து எறியும் அணிக்கும் ஃப்ரீ த்ரோ ஒன்றாக இருக்காது. அந்த சீசனின் சராசரியோடு ஒப்பிடுங்கள். பிறகு டர்ன்ஓவரை, அதாவது எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பதை, இரண்டாகப் பிரியுங்கள். தவறான பாஸ், கைநழுவிய பந்து போன்றவற்றில் நடுவருக்கு வேலை கிடையாது. டிராவலிங் (பந்தைத் தட்டாமல் நடப்பது), அஃபென்சிவ் ஃபவுல் (பந்து வைத்திருக்கும் அணி செய்வது), மூன்று விநாடி மீறல் (வளையத்தருகே அதிக நேரம் நிற்பது) முழுக்க அவர் விருப்பத்தில். ஓர் அணியின் முதல் வகை மாறாமல் இரண்டாவது வகை மட்டும் நகர்ந்தால், அங்கே தோண்டலாம். ஜோசஃப் பிரைஸ், மார்க் ரெமர், டேனியல் ஸ்டோன் என்ற பொருளியலாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில்தான் போனது. சொந்த ஊர் அணிக்கும், ஆட்டத்தில் பின்தங்கிய அணிக்கும், பிளே ஆஃப் தொடரில் பின்தங்கிய அணிக்கும் விசில் கொஞ்சம் சாய்வதாகக் கண்டார்கள். ஆட்டம் நெருக்கமாக இருந்தால் லீக்குக்கு வருமானம் என்பது உண்மை. அதற்காக யாரோ உத்தரவு போட்டார்கள் என்று அந்த எண்கள் சொல்லவில்லை. கூட்டத்தின் கூச்சலும் தோற்கிற அணி மேல் வரும் இரக்கமும் மனிதனை அசைக்கும்.

சாய்வு இருப்பதாலேயே சதி இருப்பதாகாது என்பதற்கு இன்னொரு ஆய்வும் உண்டு. 1991 முதல் 2004 வரையான ஆட்டங்களை எடுத்து, நடுவர் குழுவின் தோல் நிறத்தைப் பொறுத்து வீரர்களுக்கு விழும் ஃபவுல் மாறுவதாக பிரைஸும் ஜஸ்டின் வோல்ஃபர்ஸும் காட்டினார்கள். 2007-ல் அது பெரிய செய்தியானது. அதன் பிறகான ஆட்டங்களைத் திரும்பப் பார்த்தபோது அந்தச் சாய்வு காணாமல் போயிருந்தது. பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

டோனகிக்குப் பிறகு லீக் சில ஓட்டைகளை அடைத்தது. நடுவர்கள் பெயர் இப்போது ஆட்டத்தன்று காலையிலேயே எல்லோருக்கும் தெரியும். விற்க ரகசியம் இல்லை. 2015 மார்ச் முதல், நெருக்கமாக முடிந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத்தை ஒவ்வொரு விசிலாக, அடிக்காத விசிலையும் சேர்த்து, மதிப்பிட்டு மறுநாள் வெளியிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 48 நிமிட ஆட்டத்தில் மீதி 46 நிமிடம் அந்த அறிக்கையில் இல்லை. மேலே சொன்ன இரண்டாம் கால்பகுதி வித்தை அங்கே அகப்படாது. அதைப் பிடிக்க வேண்டியது லீக்கின் உள் மதிப்பீடும் பந்தயச் சந்தையைக் கண்காணிப்பவர்களும்தான்.

இன்றைய ஆபத்து நடுவரிடம் குறைந்து வீரரிடம் கூடியிருக்கிறது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத் தடையை நீக்கியபின், ஒரு வீரர் எத்தனை பாயின்ட் எடுப்பார், எத்தனை ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுப்பார் என்று தனித்தனியாகக் கட்டலாம். பத்துப் பேர் ஓடும் ஆட்டத்தைத் திருப்புவது கஷ்டம். ஒரே ஒருவர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வது சுலபம். நம்மூர் ஆட்களுக்கு 2013 ஐபிஎல் ஸ்பாட் ஃபிக்ஸிங் ஞாபகம் இருக்கும். இதுவும் அதே சாதி.

டொரன்டோ ராப்டர்ஸின் போர்ட்டர் சூதாட்டக் கடனில் மூழ்கியவர். ஆட்டத்திலிருந்து சீக்கிரம் வெளியேறினால் கடன் தீரும் என்று வழி காட்டப்பட்டது. 2024 ஜனவரி 26 அன்று கண்ணில் அடி என்று நான்கு நிமிடத்தில் வெளியேறினார். மார்ச் 20 அன்று உடம்பு சரியில்லை என்று மூன்று நிமிடத்துக்குள். அந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் பந்தய நிறுவனம் வைத்த அளவைவிடக் குறைவாகத்தான் எடுப்பார் என்று ஒருவர் 80,000 டாலர் கட்டினார். பலித்தால் 11 லட்சம் டாலர். பெஞ்சிலிருந்து வரும் ஒரு சாதாரண வீரர் மேல் யார் இவ்வளவு கட்டுவார்? நிறுவனம் பணத்தை நிறுத்திவைத்தது, விவகாரம் உடைந்தது. ஏப்ரலில் ஆயுள் தடை, ஜூலையில் கோர்ட்டில் ஒப்புதல். அதன் பிறகு, போர்ட்டரைப் போல டூ-வே ஒப்பந்தத்திலோ (என்பிஏ அணிக்கும் அதன் துணை லீக் அணிக்கும் மாறி மாறி ஆடுவது) பத்து நாள் ஒப்பந்தத்திலோ இருக்கும் வீரர்கள் மேல் "குறைவாக எடுப்பார்" என்று கட்டும் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். சம்பளம் குறைந்தவரைத்தான் முதலில் அணுகுவார்கள் என்பதால் அது சரியான இடத்தில் போட்ட பூட்டு. இருந்தும் 2025 அக்டோபரில் டெர்ரி ரோசியர் போன்ற பெரிய சம்பள வீரரே கைதானார். 2023 மார்ச் 23 ஆட்டத்திலிருந்து சீக்கிரம் வெளியேறப் போவதை முன்பே நண்பரிடம் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, பணத்தைக் கொண்டுவருவது "இன்றைக்கு ஆடுவாரா, மாட்டாரா" என்ற ஒற்றை வரி. அது வீரரிடம் மட்டும் இருப்பதில்லை. பிசியோவுக்குத் தெரியும், கிட் தூக்குபவருக்குத் தெரியும், ஓட்டல் வரவேற்பில் இருப்பவருக்கும் தெரியலாம். அணிகள் காயப் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று லீக் கட்டாயப்படுத்துவது இதற்காகத்தான். எந்த ஊர், எந்த மட்டத்துப் போட்டியானாலும், அணியோடு இருக்கும் ஒருவரிடம் புதிதாகப் பழகிய ஆள் அடிக்கடி காயம் பற்றியே விசாரித்தால், முதல் பதிலைச் சொல்வதற்கு முன் அணி மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். செய்தியை அழிக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, டெலிகிராமில் "பேசி வச்ச மேட்ச், நூறு சதவீதம் உறுதி" என்று விற்பவர்கள். நிஜமாகவே பேசி வைத்த ஆட்டம் கையில் இருப்பவன் அதை ஐந்நூறு ரூபாய்க்கு ஊருக்கெல்லாம் விற்க மாட்டான். அவ்வளவு பேர் ஒரே பக்கம் கட்டினால் விலை மாறிவிடும், கண்காணிப்பும் விழித்துக்கொள்ளும். இவர்கள் செய்வது வேறு. 800 பேரில் 400 பேருக்கு ஒரு அணி, மற்ற 400 பேருக்கு எதிரணி என்று இலவசமாக அனுப்புவார்கள். பலித்த 400 பேரை மறுபடி பாதியாகப் பிரிப்பார்கள், அப்புறம் அந்த 200 பேரையும். மூன்று ஆட்டம் முடிந்ததும், தொடர்ந்து மூன்று முறை சரியாக வந்ததைக் கண்ணால் பார்த்த 100 பேர் மிஞ்சுவார்கள். நான்காவது ஆட்டத்துக்குத்தான் பணம் கேட்பார்கள்.