டெட்பேண்ட்: வாளா இடைவெளி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் ஜோகன்னஸ்பர்கிலும் ஏர்கான் வேலையில் இருக்கும் தமிழர் 'டெட்பேண்ட்' என்றே சொல்வார்கள். கட்டடத்தின் எரிசக்திக் கணிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் அதே சொல் 'இறந்த பட்டை' ஆகிவிடுகிறது. கொஞ்சம் மெனக்கெட்டால் 'செயலற்ற பட்டை'. முன்னது எதையும் விளக்கவில்லை. பின்னது பழுதாகிக் கிடக்கும் கருவியை நினைவூட்டுகிறது.

அறையின் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு இலக்கு வெப்பநிலைகள் உண்டு. காற்று 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சூடேற்றம், 24 டிகிரியைத் தாண்டினால் குளிரூட்டல் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ள 4 டிகிரியில் இரண்டுக்கும் வேலை இல்லை. வெயிலும் ஆட்களும் சுவரில் தேங்கிய சூடும் அறையை எங்கே கொண்டுபோகின்றனவோ அங்கே போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். அந்த இடைவெளிதான் டெட்பேண்ட். அமெரிக்க ஏர்கான் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 90.1 தரநிலை, சூடேற்றம் குளிரூட்டல் இரண்டையும் ஆளும் தெர்மோஸ்டாட்டில் ஏறக்குறைய 3 டிகிரியாவது இந்த இடைவெளியை வைக்க இயல வேண்டும் என்கிறது.

ஆங்கிலத்தில் 'டெட்' சாவை மட்டும் குறிப்பதில்லை. அசையாதது, தூண்டினாலும் பதில் தராதது எல்லாம் 'டெட்'தான். கட்டடத்தின் சொந்த எடையான 'டெட் லோட்' தமிழில் நிலைச்சுமை. அதை யாரும் இறந்த சுமை என்று எழுதுவதில்லை. 'பேண்ட்' பட்டை, நாடா என்ற பொருளிலிருந்து இரு எல்லைகளுக்கு உட்பட்ட பரப்பைக் குறிக்க வந்தது. ஆக, தேவையான பொருள்: தூண்டல் இருந்தும் சும்மா இருக்கும் இடைவெளி. அதற்குத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது. வாளா இருத்தல் என்றால் ஒன்றும் செய்யாமல் இருத்தல். ஆகவே வாளா இடைவெளி. 'ஓய்வு இடைவெளி' என்றும் சொல்லலாம்தான். ஆனால் அது வேலைக்கு நடுவே தேநீர் குடிக்கும் நேரத்தைப்போல ஒலிக்கிறது.

தமிழ்ச் சொல்லைத் தேடுவதற்கு அழகைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. டெட்பேண்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் புழங்குகின்றன. குளிரூட்டும் இலக்கு 24 என்றால் ஏர்கான் 24.5இல் ஓடத் தொடங்கி 23.5இல் நிற்கும். இந்த 1 டிகிரி, கம்ப்ரஸர் நிமிடத்துக்கொரு தரம் அணைந்து எரியாமல் காப்பது. இதையும் பலர் டெட்பேண்ட் என்கிறார்கள். இதற்குரிய பெயர் ஹிஸ்டரிசிஸ். பின்தங்குதல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து, காந்த ஆய்வுக்காக ஜேம்ஸ் ஆல்பிரட் யூவிங் ஆக்கிய சொல். நம் இயற்பியல் பாடநூல்கள் அதைத் தயக்கம் என்கின்றன. அருமையான சொல், இங்கும் அதுவே போதும்.

இரண்டையும் குழப்பினால் கணக்கு கெடும். கருவியின் குறிப்பேட்டில் 'டெட்பேண்ட் 1 டிகிரி' என்று இருப்பதைப் பார்த்து, கட்டட எரிசக்தியைக் கணிக்கும் மென்பொருளான எனர்ஜிப்ளஸில் சூடேற்ற இலக்கு 22, குளிரூட்ட இலக்கு 23 என்று கொடுத்துவிடுவார்கள். தயக்கத்தை வாளா இடைவெளியாக எழுதியாயிற்று. ஜோகன்னஸ்பர்க் ஜூலை மாதத்தில் விளைவு அப்பட்டமாகத் தெரியும். விடியலில் கடுங்குளிர்; நண்பகலில் வடக்குச் சன்னல் வழியாக நல்ல வெயில். அந்நகரின் லெனேசியாவில் ஓர் அலுவலகத்தை இப்படி மாதிரி செய்தால், காலையில் சூடேற்றிய அறையையே மாலையில் குளிரூட்டுவதாகக் கணிப்பு காட்டும். இரண்டு செலவும் ஏறும்.

தயக்கத்தை வருடக் கணக்கில் நேரடியாகக் காட்டத் தேவையில்லை. அணைந்து எரிவதால் வரும் இழப்பை, முழுச் சுமை இல்லாதபோது திறன் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் பகுதிச்சுமை வளைவு ஏற்றுக்கொள்ளும். வழக்கமான வளைவு 0.85 + 0.15 × சுமைப் பங்கு. பாதிச் சுமையில் அது 0.925, எனவே கம்ப்ரஸர் மணிக்கு 30 நிமிடம் ஓடாது, சுமார் 32 நிமிடம் ஓடும்.

எனர்ஜிப்ளஸில் கட்டுப்பாட்டு வகை எண் 4தான் வாளா இடைவெளியுள்ள இரட்டை இலக்கு. எண் 3 ஒரே இலக்கை இரண்டுக்கும் வைப்பது, இடைவெளி பூஜ்யம். சரிபார்க்க, ஜூலையில் ஒரு வாரத்துக்கு அறைக் காற்றின் வெப்பநிலை, சூடேற்ற அளவு, குளிரூட்டல் அளவு மூன்றையும் மணிவாரியாக வரையுங்கள். சூடேற்றும்போதும் குளிரூட்டும்போதும் வெப்பநிலை ஒரே மதிப்பில் நேர்க்கோடாகப் போனால் இடைவெளி இல்லை என்று பொருள். விடியலில் முன்குளிரூட்டலுக்காக குளிரூட்ட இலக்கை 18க்கு இறக்கிவிட்டு, சூடேற்ற அட்டவணையை 20இலேயே விட்டால் இரண்டும் குறுக்கிட்டு, கணிப்பே பிழை சொல்லி நின்றுவிடும். நின்றுவிடுவது நல்லதே. நிற்காமல் ஓடும் பிழைதான் ஆபத்து: வட கோளத்து மாதிரிக் கோப்பிலிருந்து எடுத்த அட்டவணை, இங்கே கோடையான டிசம்பரிலும் ஜனவரியிலும் சூடேற்றத்தை வைத்திருக்கும்.

வாளா என்பதால் எல்லாமே நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். தேவைக்கேற்பக் குளிர்காற்றின் அளவை மாற்றி, வேண்டியபோது அதே காற்றை மீண்டும் சூடாக்கும் அமைப்பில் (மறுசூடேற்றத்தோடு வரும் மாறுகாற்று அமைப்பு), அறை 22 டிகிரியில் இருந்தாலும் குறைந்தபட்சக் காற்று உள்ளே வந்தபடியே இருக்கும். அந்தக் காற்று 13 டிகிரி என்றால் அறை மெல்லக் குளிர்ந்து 20ஐத் தொடும். உடனே சூடேற்றி விழிக்கும். இலக்குகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருந்தும் சூடும் குளிரும் ஒரே நேரத்தில் செலவாகும். குறைந்தபட்சக் காற்றளவை நல்ல காற்றுக்குத் தேவையான அளவுக்கு இறக்க வேண்டும். குளிரூட்டும் தேவை குறையும்போது வழங்கு காற்றின் வெப்பநிலையையும் உயர்த்த வேண்டும்.

டர்பனில் கதை வேறு. அங்குள்ள சாட்ஸ்வர்த் பகுதியின் மண்டபம் ஒன்றில் சூடேற்றம் பெயரளவுக்குத்தான். சூடேற்ற இலக்கை 20இலிருந்து 18க்கு இறக்கினாலும் வருடக் கணக்கு பெரிதாக அசையாது. அங்கே குளிரூட்ட இலக்கும் ஈரப்பதமுமே கணக்கை ஆட்டும்.

அறிக்கையில் எழுதும்போது இரண்டையும் தனித்தனி வரியில் வையுங்கள்: 'சூடேற்ற இலக்கு 20, குளிரூட்ட இலக்கு 24, வாளா இடைவெளி 4 டிகிரி. தெர்மோஸ்டாட்டின் தயக்கம் 1 டிகிரி.'