மின்தேக்கி: பழைய கணினியில் முதலில் பழுதாகும் உறுப்பின் பெயர்

முப்பது வருடம் மூலையில் கிடந்த மேசைக் கணினியை மறுபடி ஓடவைக்க நினைப்பவருக்கு, விவரம் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது: "கெப்பாசிட்டரை எல்லாம் மாத்திட்டு அப்புறம் கரண்ட் கொடு." அந்தக் கெப்பாசிட்டருக்குத் தமிழில் மின்தேக்கி என்று பெயர். மின்னூட்டத்தைப் பிடித்துவைத்து, வேண்டிய நேரத்தில் விடும் உறுப்பு. கணினிப் பலகையில் அதன் முக்கிய வேலை, சில்லுகளுக்குப் போகும் மின்னழுத்தம் ஏறி இறங்காமல் சீராக வைத்திருப்பது.

1745-46 வாக்கில் கிளைஸ்ட், முசென்புரூக் இருவரும் தனித்தனியாகக் கண்டறிந்த, மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் கண்ணாடிக் குடுவையான லெய்டன் ஜாடிதான் இதன் மூதாதை. 1782இல் இத்தாலிய இயற்பியலாளர் வோல்ட்டா தன் கருவிக்கு இத்தாலிய மொழியில் வைத்த பெயரிலிருந்து 'கண்டென்சர்' வந்தது. செறிவாக்குவது என்று பொருள். மோட்டார், மின்விசிறி பழுதுபார்ப்பவர்கள் வாயில் இன்றைக்கும் கண்டென்சர்தான். குளிர்பதனப் பெட்டியில் வாயுவைத் திரவமாக்கும் பாகத்துக்கும் அதே பெயர் என்பதால் குழப்பம் நிச்சயம். 20ஆம் நூற்றாண்டில் பரவிய 'கெப்பாசிட்டர்', கொள்ளளவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அதன் லத்தீன் வேருக்குக் 'கொள்', 'பிடி' என்று பொருள்.

இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'கொள்ளளவி' இந்த லத்தீன் வழியிலேயே போகிறது. தவறில்லை. ஆனாலும் என் ஓட்டு மின்தேக்கிக்குத்தான். தமிழில் நீங்கு–நீக்கு, அடங்கு–அடக்கு போலவே தேங்கு–தேக்கு என்று ஓர் இணை உண்டு. தானாக நிற்பது தேங்குதல், நிறுத்திவைப்பது தேக்குதல். மண்வெட்டியில் வருகிற அதே 'இ' விகுதி சேர்ந்தால், தேக்கும் கருவி தேக்கி. நீர்த்தேக்கம் என்ற சொல்லை அறிந்த எவருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. எவ்வளவு மின்னூட்டம் கொள்ளும் என்பதைக் குறிக்கும் கெப்பாசிட்டன்ஸையும் மின்தேக்குதிறன் என்று சிரமமில்லாமல் சொல்லிவிடலாம். மின்தேக்கியைச் சேமக்கலத்தோடு (பேட்டரி) மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சேமக்கலம் வேதிவினையால் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. மின்தேக்கி இரண்டு தகடுகளுக்கு இடையே உள்ள மின்புலத்தில் வைக்கிறது.

எல்லா மின்தேக்கிகளும் வயதானால் கெடுவதில்லை. பீங்கான் வகை பெரும்பாலும் தொல்லை தராது. பிரச்சினைக்காரர் மின்பகுளி (எலக்ட்ரோலைட்) மின்தேக்கி. அலுமினியத் தகட்டுச் சுருள்களுக்கு நடுவே ஒரு காகிதம், அந்தக் காகிதத்தில் ஊறிய மின்பகுளித் திரவம், அடியில் ஒரு ரப்பர் அடைப்பு. தகட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் உண்மையான காப்புப் பொருள். வருடங்கள் ஓட ஓட ரப்பர் வழியே திரவம் மெல்ல ஆவியாகும். மின்தேக்குதிறன் குறையும், உள்தடை ஏறும், மின்னழுத்தம் ஆட ஆரம்பிக்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

உலர்வதைவிட மோசம் கசிவது. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த பலகைகளில், மேற்பரப்பில் ஒட்டிய சிறு அலுமினிய மின்தேக்கிகள் இதற்குப் பேர்போனவை. 1989இல் வந்த ஆப்பிள் கணினி மெக்கின்டோஷ் எஸ்இ/30 நல்ல உதாரணம்: ஒலி மங்கிப்போகும், அல்லது திரையில் வெறும் கோடுகள் மட்டும் நிற்கும். பலகையை உற்றுப் பார்த்தால் மின்தேக்கியின் காலடியில் பற்றாசு (சால்டர்) பளபளப்பு இழந்து சாம்பல் நிறமாகியிருக்கும், பக்கத்துச் செப்புத் தடத்தில் பச்சை ஏறியிருக்கும். சூடாக்கியதும் மீன் வாடை வரும். புதியதைப் பொருத்துவதற்கு முன் அந்தத் திரவத்தைச் சுத்தமாகக் கழுவாவிட்டால், மாற்றிய பிறகும் தடம் அரித்துக்கொண்டே இருக்கும்.

'லீக்' என்ற சொல் இங்கே இரண்டு வேலை பார்க்கிறது. திரவம் வெளியே வருவது மின்பகுளிக் கசிவு. காப்புப் படலம் பலவீனமாகி மின்னோட்டம் ஊடுருவிப் போவது கசிவு மின்னோட்டம். வெளியே ஒரு துளி ஈரம் இல்லாமலும் இரண்டாவது நடக்கும். அதனால் 'லீக் ஆகுது' என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

உறையில் '47 மைக்ரோஃபாரட், 16 வோல்ட்' என்ற பொருளில் அச்சிட்டிருந்தால், முதல் எண் மின்தேக்குதிறன். மாற்றும்போது அது அப்படியே இருக்கட்டும். இரண்டாவது, தாங்கும் உச்ச மின்னழுத்தம். அது கூடலாம், குறையக் கூடாது. ஃபாரட் என்ற அலகு மைக்கேல் ஃபாரடேயின் பெயரால் வந்தது. ஒரு முழு ஃபாரட் மிகப் பெரிய அளவு என்பதால் அதன் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோஃபாரட்தான் புழக்கத்தில் அதிகம். அலுமினிய வகையில் பட்டை போட்ட பக்கம் எதிர்முனை. டான்டலம் என்ற உலோகத்தால் செய்த வகையில் பட்டை நேர்முனையைக் காட்டும். ஒன்றை எடுத்து மற்றதைப் போடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தலைகீழாகப் போட்ட டான்டலம் தீப்பிடிக்கவும் கூடும்.

தேக்கி என்ற பெயரை மிகவும் கவனிக்க வேண்டிய இடம் மின்வழங்கிப் பெட்டி (பவர் சப்ளை). 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக (டிசி) மாற்றினால் அதன் முதல் பெரிய மின்தேக்கியில் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். செருகியைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே தேங்கியிருக்கலாம். பொருத்தமான மின்தடை வழியாக அதை இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்காமல் இருப்பதே சரி.

இந்த வேலை மொத்தத்துக்கும் 'ரீகேப்' என்றொரு பெயர் ஓடுகிறது. முன்கதைச் சுருக்கத்துக்கும் அதுவே பெயர் என்பதால் முதலில் கேட்பவர் விழிப்பார். தமிழில் புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை. 'மின்தேக்கி மாற்றுதல்' என்றாலே போதும், பேச்சில் 'கெப்பாசிட்டர் மாத்துறது'.